நாச்சியார் தேர் ஏறப் போறா, வழி விடுங்க!

முதலில் அவள் கையிலிருக்கும் கிளியைப் பார்த்துவிடுவோம். அப்புறம் கூட்டம் முண்டியடிக்கும்போது முகத்தைப் பார்ப்பதா, கொண்டையைப் பார்ப்பதா என்று கண் திண்டாடும், கிளி தப்பிப்போகும்.

உடம்புக்கு மரவள்ளி இலை. மூக்குக்கு மாதுளம்பூ. சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். வாலுக்கு வெள்ளரளி, செவ்வரளி. கண்ணில் காக்காப்பொன் மினுங்கும். காலுக்கு மூங்கில் குச்சி, இழுத்துக் கட்ட வாழைநார். ஒரு கிளி உருவாக நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதைத் தினமும் செய்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. நேற்றுச் செய்த கிளி இன்றைக்கு நாச்சியார் இடக்கையில் இருக்காது. கொடுத்துவைத்த யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போயிருக்கும். அதற்காக முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. லண்டன் இளவரசி ஒரு கவுனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் அன்றைக்கே அதே கவுன் கடைகளில் தீர்ந்துபோகிறதாம். போகட்டும், கடைக்கு அடுத்த வாரம் சரக்கு வந்துவிடும். இங்கே ஒரு நாளைக்கு ஒரே ஒரு கிளிதான்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடி மாதம் பூர நட்சத்திரம் ஆண்டாள் நாச்சியாருக்குப் பிறந்தநாள். அன்றைக்குத்தான் அவள் தேர் ஏறி நாலு ரத வீதியும் வலம் வருவாள். உள்ளூர்க்காரர்களுக்கு இதற்குமேல் அறிமுகம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம்: பெரியாழ்வாருக்கு நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தை. பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் முதலில் போட்டு, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்துவிட்டு, பிறகு கொடுத்தனுப்பிய துணிச்சல்காரி. அந்தக் கண்ணாடிக் கிணறு இப்போதும் கோயிலுக்குள் இருக்கிறது. எட்டிப் பார்க்காமல் எந்தப் பெண்பிள்ளையும் அதைக் கடப்பதில்லை. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என்று பாடிவிட்டு, கட்டினால் திருவரங்கத்து ராஜாவைத்தான் கட்டுவேன் என்று நின்று, கட்டியும் காட்டினாள்.

ராணியாகிவிட்டாள், சரி. ஆனால் ஊரை விட்டுப் போனாளா? மாப்பிள்ளை ரங்கமன்னார்தான் இங்கே வந்து அவள் பக்கத்தில் நிற்கிறார். அதுவும் எப்படி நிற்கிறார்! கையில் செங்கோல், இடுப்பில் உடைவாள், காலில் செருப்பு. இப்போதுதான் குதிரையிலிருந்து இறங்கிய ராஜா மாப்பிள்ளைக் கோலம். கல்யாணத்துக்கு அவரை நேரத்தோடு கொண்டுவந்து சேர்த்த கருடன், அதே கருவறையில் பக்கத்திலேயே நிற்கிறார். "வீட்டோட மாப்பிள்ளை" என்று ஊரில் பெரியம்மாக்கள் கிசுகிசுப்பார்கள். ராஜாவைப் பற்றி இப்படியெல்லாம் பேசலாமா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் பேசலாம். மற்ற ஊர்களில் ராஜகுமாரி பவனி வந்தால் ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வில்லிபுத்தூரில் வேடிக்கை பார்க்க ஆளே கிடையாது. தெருவில் நிற்கிற அத்தனை பேரும் பெண் வீட்டார்.

நான் மகாராஜபுரத்துக்காரி. வத்திராயிருப்புக்குப் பக்கம், மேற்கே மலையடிவாரம். சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாக ஏறுகிறவர்களுக்கு எங்கள் பக்கம் நன்றாகத் தெரியும். ஊர்ப் பெயரில் மகாராஜா இருக்கிறார், ஆனால் ராணியைப் பார்க்க வில்லிபுத்தூருக்குத்தான் பஸ் ஏறணும். ஆடி அமாவாசைக்கு மலையேறும் கூட்டம் எங்கள் சாலையையே அடைத்துக்கொண்டு போகும். அது வடிந்து மூன்று நாலு நாள் போனால் பூரம். மலையேறிய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "தேருக்கு எத்தனை மணிக்குக் கெளம்புற?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே வாரத்தில் மலைமேல் சுந்தரமகாலிங்கம், கீழே ஆண்டாள் என்று சைவமும் வைணவமும் எங்களிடம் சண்டை போடாமல் முடிந்துபோகும். தேர் நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே நாச்சியார் மேல் தனிப் பாசம்.

ஆனால் தேர் நாளுக்கு மட்டும் வந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கொடியேறிய நாளிலிருந்தே ஊர் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. தினம் ஒரு வாகனம், தினம் ஒரு மண்டகப்படி, தினம் ஒரு சேலை. ஐந்தாம் நாள் இரவு இருக்கிறதே, அடேயப்பா! ஐந்து கருட சேவை. ராஜ குடும்பத்து உறவுகள் எல்லாம் பிறந்தநாளுக்கு வந்து இறங்குகிற இரவு. பெரிய பெருமாள் வருகிறார். ரங்கமன்னார் வருகிறார். பக்கத்துக் குன்றிலிருந்து திருவண்ணாமலை ஸ்ரீநிவாசப் பெருமாள் வருகிறார் (அண்ணாமலையார் இருக்கும் ஊர் வேறு, குழம்ப வேண்டாம்). செண்பகத்தோப்புக் காட்டிலிருந்து காட்டழகர் சுந்தரராஜப் பெருமாள் வருகிறார். திருத்தங்கலிலிருந்து அப்பன் வருகிறார். ஐந்து பேரும் ஐந்து கருட வாகனத்தில், விரித்த சிறகோடு, தீவட்டி வெளிச்சத்தில் வரிசை கட்டி நிற்கும்போது எந்தப் பக்கம் கும்பிடுவது என்றே தெரியாது. பிறந்தநாள்காரி மட்டும் கருடன் மேல் இல்லை. அவளுக்குப் பெரிய அன்னம். அப்பாவுக்குச் சின்ன அன்னம்.

"கருடனெல்லாம் ஆம்பளையாளுகளுக்கு. அன்னத்துல உக்காந்தாத்தான் அவளுக்கு எடுப்பு" என்றார் என்னை இடித்துக்கொண்டு நின்ற ஒரு மதினி. அவருக்குப் பின்னால் நின்ற பாட்டி விடவில்லை. "கழுத்தப் பாரு, கழுத்தப் பாரு, இன்னிக்கு என்ன போட்டிருக்கா?" என்று என் தோளைப் பிடித்து எக்கிக்கொண்டே இருந்தார். அவர் சாமி கும்பிட்ட மாதிரியே தெரியவில்லை. பேத்தி கல்யாணத்தில் நகையை எண்ணுகிற பாட்டியின் அதே கண்.

ஏழாம் நாள் சயன சேவை. ஊருக்குள்ளேயே இருக்கும் கிருஷ்ணன் கோயிலில் (நெடுஞ்சாலையில் நாங்கள் பஸ் மாறுகிற கிருஷ்ணன்கோவில் அல்ல) ஆண்டாள் அமர்ந்திருக்க, அவள் மடியில் ரங்கமன்னார் தலைவைத்துப் படுத்திருப்பார். செங்கோல், உடைவாள், ராஜ மிடுக்கு எல்லாம் அன்றைக்கு லீவு. அத்தனை பெரிய ராஜாவை இப்படிப் பார்க்கக் கூட்டம் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே வரிசையில் நகரும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை வீட்டுப் பெரியவர்கள் முன்னால் தள்ளிவிடுவார்கள். அந்தப் புது மாப்பிள்ளைகள் அன்று வீடு திரும்பியதும் எந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது உங்கள் பாடு.

எட்டாம் நாள் ராத்திரி தேரடிக்குப் போனால் தூக்கம் கெட்டுப்போகும். ரத வீதிகளில் குறுக்கே ஓடும் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகரத்தை மடக்கிக்கொண்டிருப்பார்கள். தேர் உச்சி வரைக்கும் ஆள் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் மூங்கிலும் கயிறும் துணியும்தான் தெரியும், நடுவே ஒரு கால் தொங்கும், எங்கிருந்தோ ஒரு குரல், "இன்னும் ரெண்டு முழம் விடு!" தேர்ச்சீலை கட்டுகிறார்கள், தொம்பை தொங்கவிடுகிறார்கள். ஆடிக் காற்று வேறு. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து புறப்பட்டு ராஜபாளையம் வழியாக வந்து வில்லிபுத்தூரில் ஒரு வாங்கு வாங்கும். கட்டிய சீலை படபடவென்று அடித்துக்கொண்டு, தேர் இப்போதே கிளம்பிவிடும் போலிருக்கும்.

வடம் தரையில் நீட்டிக் கிடக்கிறது. சின்னப் பையன்கள் அதன்மேல் நடந்து பார்க்கிறார்கள், விரட்டினால் ஓடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். பழைய காலத்தில் ஒன்பது மரச் சக்கரம், ஒன்பது வடம் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். அப்போது நாச்சியார் வீதி சுற்றி நிலைக்குத் திரும்ப நாள் கணக்கில் ஆகும், மாதக் கணக்கில்கூட ஆகியிருக்கிறதாம். மழை வந்தால் சக்கரம் புதையும். வயலில் வேலை வந்தால் இழுக்க ஆள் வராது. தெருமுக்கில் அவள் பாட்டுக்கு நிற்பாள். யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டு வாசலில் ராஜகுமாரி ஒரு வாரம் தங்கியிருந்தால் எப்படி இருக்கும்! எந்தத் தெருக்காரர்களுக்கு அந்த யோகம் அடித்ததோ, அவர்கள் தேர் சீக்கிரம் நகர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். பிற்பாடு இரும்புச் சக்கரம் வந்தது, ஹைட்ராலிக் பிரேக் வந்தது. இப்போது காலையில் கிளம்பி அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறாள்.

இனி உடுப்பு விஷயம். இதற்குத்தானே இத்தனை பேர் காத்திருக்கிறோம்!

தேர் நாளில் அவள் உடுத்துகிற பட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறது. அதாவது புகுந்த வீட்டுச் சீர். தட்டுகளில் மங்கலப் பொருளோடு மேளதாளமாக வந்து சேரும்போது, தட்டில் எட்டிப் பார்க்கிற பெண்களின் கழுத்து நீளத்தைப் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கம் அழகர்கோயிலிலிருந்தும் பட்டு வரும். கொடுக்கல் வாங்கலில் இவளும் குறைந்தவள் இல்லை. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது போட்டுக்கொள்வது இவள் சூடிக் கழற்றிய மாலை. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருமலைக் கருட சேவைக்கு இங்கிருந்து மாலையும் கிளியும் போகிறது. பங்குனி உத்திரத்தில் இவள் கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. மாலை போகும், சேலை வரும். பேரரசர்களே இவ்வளவு ஒழுங்காகச் சீர் செய்துகொண்டிருப்பார்களா என்று தெரியாது.

மாலை சாதாரண மாலை இல்லை. செவ்வந்தி, விருட்சி, துளசி, சம்பங்கி என்று கட்டி, பிடிக்கவே ஆள் வேண்டியிருக்கும் அளவுக்குக் கனம். கொண்டை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைப் பார்த்துத்தானே மார்கழி மாதம் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் நாலு வயதுப் பெண்பிள்ளைகள் கழுத்து வலிக்க நிற்கின்றன! பல நூற்றாண்டுகளாக ஒரு பெண்ணின் தலையலங்காரம் பாஷன் மாறாமல் இருக்கிறதென்றால் வேறு எந்த ராணியைக் காட்டுவீர்கள்?

அழகுக் குறிப்பு கேட்பவர்களுக்கு ஒன்று உண்டு, ஆனால் அது மார்கழிக்கு. எண்ணெய்க் காப்பு உற்சவத்தில் அவளுக்குச் சாத்தும் தைலம் 61 மூலிகைப் பொருள்கள் சேர்த்து, 40 நாள் காய்ச்சி இறக்குவது. நாற்பது நாள்! கடையில் அரை மணி நேரத்தில் முகத்தைப் பளபளக்க வைக்கிறோம் என்பவர்கள் கொஞ்சம் கவனிக்க. அதே மார்கழியில், பகல்பத்து முதல் நாள், பெரியாழ்வார் வம்சத்தார் வீட்டுக்கு அவள் வருவாள். பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணை வெறும் கையோடு வரவேற்பார்களா? காய்கறிகளை வண்டி வண்டியாகப் பரப்பி வைத்திருப்பார்கள். பச்சை பரத்தல் என்று பெயர். திரட்டுப்பாலும் உண்டு. இந்த ஊர்ப் பால்கோவாக்காரர்களுக்குப் பால் காய்ச்சும் கை எங்கிருந்து வந்தது என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள்.

திரைக்குப் பின்னால் அலங்காரம் நடக்கும்போது எட்டிப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை. வேண்டவும் வேண்டாம். திரைக்கு இந்தப் பக்கம் நடப்பதே போதும். பூத் தட்டை ஏந்திக்கொண்டு ஓடுகிறவர், "நேரமாச்சு, நேரமாச்சு" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டே வருகிறவர், குடையை விரித்துப் பார்த்துத் திருப்திப்படாமல் மறுபடி விரிக்கிறவர், தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள். இவர்கள் தோளில்தான் அவள் தேர் வரைக்கும் போவாள். நடையில் ஒரு ஆட்டம் உண்டு, ஒரு தாளம் உண்டு. ஒரு தோள் தாழ்ந்தால் மாலை சரியும். அந்தப் பதற்றம் துளிகூட முகத்தில் இல்லாமல் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "எத்தன வருசமாண்ணே தூக்குறீங்க?" என்றேன். "நாங்க எங்கம்மா தூக்குறோம், அவ வாரா, நாங்க கூடப் போறோம்" என்றார்.

ஊர்வலம் இந்த வீட்டுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியாழ்வார் மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் சபையில் வாதம் செய்து பொற்கிழியை வென்றார். ராஜா அவரைப் பட்டத்து யானை மேல் ஏற்றி நகர்வலம் விட்டான். அந்த ஊர்வலத்தைப் பார்க்கப் பெருமாளே வானத்தில் வந்து நிற்க, அவருக்குக் கண்பட்டுவிடுமோ என்று யானை மணியைத் தாளமாக்கித் திருப்பல்லாண்டு பாடினவர் அவர். யானை மேல் போகிறவர், தன்னைப் பார்க்க வந்தவருக்குத் திருஷ்டி கழிக்கிறார்! அப்பாவுக்கு யானை, மகளுக்குத் தேர். ராஜாக்கள் இந்தக் குடும்பத்திடம் மயங்கியது அதோடு முடியவில்லை. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்று ஒரு காவியமே எழுதியது இவள் கதையை வைத்துத்தான். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் கோதாதேவி என்று அவளைச் சொல்லும்போது குரலில் ஒரு சொந்தம் தெரியும், தப்பில்லை. திருமலை நாயக்கர் வில்லிபுத்தூரில் ஒரு மகாலே கட்டிக்கொண்டார். மதுரையில் இருக்கும் நாட்களில், இங்கே உச்சிகால பூஜை முடிந்த மணிச்சத்தம் வழிநெடுக மண்டபம் மண்டபமாக மாறி மாறி ஒலித்து அங்கே வந்து சேர்ந்தபிறகுதான் சாப்பிட உட்காருவாராம். பசி எடுத்த ராஜா ஒரு பெண் சாப்பிட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் யார் இப்படி?

பதினோரு நிலை ராஜகோபுரத்தைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அரசாங்க முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று நாங்கள் சொல்வோம், மதுரைக்காரர்கள் வேறு சொல்வார்கள். பிறந்தநாள் வீட்டில் எதற்குச் சண்டை?

தேர் நாள் விடிகிறது. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிறது. பையும் பிள்ளையுமாக இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பல் தேய்ப்பார்களா, நேரே தேரடிக்கு வருவார்களா என்று பந்தயமே கட்டலாம். ராஜபாளையம், சிவகாசி, வத்திராயிருப்புப் பக்கமிருந்து பஸ்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. ரத வீதி மாடிகளில் இடம் பிடிக்க ஒன்றுவிட்ட சித்தப்பா உறவெல்லாம் அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். "அண்ணாச்சி, ஒங்க மாடில ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே நாலு பேர் படியேறியிருப்பார்கள்.

நாச்சியார் வருகிறாள். முன்னால் பிரபந்த கோஷ்டி, பின்னால் வேத கோஷ்டி. வைணவத்தில் இதுதான் முறை. அவளுக்கு முன்னால் நடப்பது அவளும் அவள் அப்பாவும் பாடின தமிழ். பட்டு, கொண்டை, மாலை, கையில் கிளி, பக்கத்தில் ராஜா. கிட்டத்தில் வந்ததும் எனக்குள் தயாராக வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கா" என்பது மட்டும் வாய்விட்டு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரப் பெண், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கையை ஒரு நொடி விட்டுவிட்டு, தானும் கும்பிட்டுக்கொண்டார். பார்த்துவிட்டேன் அம்மணி, சொல்ல மாட்டேன்.

எட்டு, ஒன்பது மணி வாக்கில் பெரிய மனிதர்கள் வடம் தொட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கப்புறம் வடம் ஊருடையது. "கோவிந்தா! கோபாலா!" முதல் இழுப்புக்குத் தேர் அசையாது. இரண்டாவதுக்கும் அசையாது. வடம் மட்டும் தரையிலிருந்து எழும்பி விறைத்துக்கொண்டு நிற்கும். ஆயிரம் உள்ளங்கை ஒரே நேரத்தில் வியர்ப்பது என்றால் என்னவென்று அங்கே நின்றால் தெரியும். மூன்றாவது கோஷத்தில் உச்சியில் கலசம் லேசாக ஒரு ஆட்டம் ஆடும். தொம்பைகள் ஒருசேரச் சாயும். "ஏய், கெளம்பிட்டா! கெளம்பிட்டா!"

எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நான் இந்த முறை கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், சக்கரத்தின் பக்கத்தில் கட்டை போடுகிறவர்களை. தேரை ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். ஸ்டியரிங் கிடையாது. ஆள் உயரச் சக்கரம் உருண்டு வரும்போது அதன் வாயில் சறுக்குக் கட்டையைக் கொடுக்க வேண்டும். வலது பக்கம் கொடுத்தால் ஒரு பக்கம் திரும்பும், இடது பக்கம் கொடுத்தால் மறுபக்கம். கொடுத்த கை அந்தக் கணமே வெளியே வந்துவிட வேண்டும். கட்டையின் முதுகு நசுங்கி, தேய்ந்து, எண்ணெய் மினுக்கத்தோடு இருக்கும். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபிறகும் இந்தக் கைகளுக்கு ஓய்வில்லை. வீதி முனையில் அத்தனை உயரத் தேரைத் திருப்பும்போது மேலே கோவிந்தா கோஷம் நின்று, கூட்டம் முழுக்க வாயைப் பொத்திக்கொள்ளும். திரும்பி நேரானதும் ஒரு கூச்சல் எழும் பாருங்கள், மாடியில் வைத்த கேமராக்கள் எல்லாம் குலுங்கும்.

கட்டைக்காரர் ஒருவர் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார். "பயமா இல்லையாண்ணாச்சி?"

"சக்கரத்தப் பாத்தா பயம் வரும். நான் கட்டையத்தான் பாப்பேன்."

"நாச்சியாரப் பாத்தீங்களா?"

"எங்க பாக்க? அவளுக்குக் கீழதான நிக்கேன். சாயங்காலம் போய்ப் பாத்துக்குவேன்."

லண்டன் அரண்மனையில் ஒரு தங்க ரதம் இருக்கிறது. 1762-ல் செய்தது, நாலு டன் எடை, எட்டுக் குதிரை பூட்ட வேண்டும், நடை வேகத்தில்தான் போகும். 1953-ல் முடிசூட்டிக்கொண்ட அன்று அதில் போனபோது எலிசபெத்துக்கு வயது 27. தெருவெல்லாம் ஆரவாரம். ஆனால் அந்த வண்டிப் பயணம் படு அவஸ்தை என்று வயதான காலத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரே சொல்லிவிட்டார். பாவம், அந்த வண்டிக்குக் கட்டை போட ஆள் இல்லை போலிருக்கிறது! எட்டுக் குதிரைக்கு அன்றைக்கு இழுப்பது ராணியையா, மூட்டையையா என்று தெரிந்திருக்காது. இங்கே இழுக்கிற ஒவ்வொரு கைக்கும் யாரை இழுக்கிறோம் என்று தெரியும். உள்ளே இருப்பவளுக்கு மாலை நலுங்கக் கூடாது என்று பின்னால் நின்று "மெதுவா, மெதுவா" என்று அதட்டுகிற பாட்டிகளும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு வாசலிலும் மோர், பானகம். குடத்தைக் காலி செய்துவிட்டு உள்ளே ஓடி மறுபடி நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். ஓரிடத்தில் தேர் கொஞ்ச நேரம் நின்றது. அந்த வீட்டுக்காரர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "எங்க வீட்டு வாசல்ல நின்னுட்டா!" என்று மாடியிலிருந்து ஒரு பெண் போனில் யாருக்கோ கத்திக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக்காரர்கள் முகத்தில் லேசான வாட்டம். பத்தடி தள்ளி நின்றிருக்கக் கூடாதா?

தேர் நிலைக்கு வந்ததும் ஊர் ஒரே நேரத்தில் பசியெடுத்து விழிக்கும். ஓட்டல்களில் இலை தட்டுப்பாடு. வளையல் கடைகளில் கை நுழைய இடமில்லை. ஆடிப்பூரத்துக்கு வளையல் போடாமல் வீட்டுக்குப் போனால் மாமியார் சும்மா விடுவாரா? பால்கோவாக் கடைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியபிறகு கோவாவுக்கே ஒரு ராஜ மிடுக்கு வந்துவிட்டது. கால் கிலோ கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்.

பஸ் ஸ்டாண்டில், "வத்திராப்பு, கூமாபட்டி, ஏறு ஏறு!" கூமாபட்டி ரீல்ஸ் புண்ணியத்தில் உலகப் புகழ் பெற்ற ஊர், அதனால் கண்டக்டர் குரலில் கூடுதல் கம்பீரம். எப்படியோ ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். பஸ் முழுக்க வளையல் சத்தம், மல்லிகைப்பூ, கோவா டப்பா. கிருஷ்ணன்கோவில் விலக்கு வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"அது அரக்கு."

"அரக்கா? கத்தரிப்பூக் கலரு மதினி. வெயில்ல ஒங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு."

"நான் மாடில நின்னு பாத்தேன். பார்டர்தான் கத்தரிப்பூ. ஒடம்பு அரக்கு."

"என் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், தேர் பார்த்தவர்கள் எல்லாம் சாமியைப் பார்த்தீர்களா, சேலையைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "ஏன் தாத்தா, ஒங்க பேத்தி பொறந்தநாளுக்கு என்ன சேலை கட்டியிருந்தான்னு நீங்க பாக்க மாட்டீங்களா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பச்சைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.